ஈயமில்லாக் குண்டு: கொயோட்டி வேட்டையும் திருவண்ணாமலை நரியும்

ஈயமில்லாக் குண்டு என்பது காரீயத்தை அறவே தவிர்த்து, செம்பாலோ செம்புக் கலவையாலோ, செம்பையும் வெள்ளீயத்தையும் பொடியாக்கி அழுத்தியோ செய்யப்படும் ரைபிள் குண்டு. வட அமெரிக்காவில் கொயோட்டி எனப்படும் நரியின வேட்டையில் இதன் தேர்வு பெரிய விவாதமாக இருக்கிறது. திருவண்ணாமலை வட்டாரத்தில் அதே கேள்வி தலைகீழாக நிற்கிறது. அமெரிக்காவில் சுடப்பட்ட கொயோட்டியைத் தின்னும் கழுகுக்கு ஈயம் ஏறுகிறது. இங்கே நரியைச் சுடுவது குற்றம். ஆனால் வேறொரு விலங்கின் மேல் பாய்ந்த ஈயம், எச்சத்தைத் தின்னும் நரியின் வயிற்றுக்குள் போகும் வழி திறந்தே கிடக்கிறது.

சில சொற்களை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். தமிழில் ‘ஈயம்’ என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களுக்கு வழங்குகிறது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். அது உணவில் புழங்கத் தக்கது. குண்டுக்கு உருக்குவது காரீயம், அது நஞ்சு. இக்கட்டுரையில் ஈயம் என்றால் காரீயமே. அதுபோலத் தோட்டா வேறு, குண்டு வேறு. உறை, வெடிமருந்து, குண்டு மூன்றும் சேர்ந்த முழுப்பொருள் தோட்டா. குழலை விட்டுப் பறந்து போவது குண்டு மட்டும். நரி, குள்ளநரி, வங்காநரி என்ற பெயர்களும் ஊருக்கு ஊர் மாறி வழங்குகின்றன. இங்கே நரி என்பது பொன்னிற உடலும் கருமை கலந்த முதுகும் கொண்ட, ஊளையிடும் நரியைக் குறிக்கிறது. இவற்றுள் கொயோட்டிக்கு நெருங்கிய உறவு அதுதான். இரண்டும் நாயும் ஓநாயும் அடங்கிய அதே பேரினத்தைச் சேர்ந்தவை.

ஈயத்தைக் குண்டுக்குத் தேர்ந்ததற்குக் காரணம் எளியது. ஒரு கன சென்டிமீட்டர் 11.3 கிராம் எடை. செம்போ 9 கிராமுக்கும் சற்றுக் குறைவு. ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகிவிடும், விறகடுப்பே போதும். செம்புக்கு 1,085 பாகை வேண்டும். மென்மையானது என்பதால் உடலில் பட்டதும் நசுங்கி விரிந்து விலங்கை விரைவில் வீழ்த்தும். அந்த மென்மையே கேடும் ஆகிறது. வேகமாகப் பாயும் ரைபிள் குண்டு எலும்பில் மோதி, கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகச் சிதறிக் காயத்தைச் சுற்றியுள்ள சதையெங்கும் பரவுகிறது. 2006-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஈயக் குண்டால் சுடப்பட்ட மான்களின் குடலை வேட்டைக்காரர்கள் விட்டுப்போன 20 இடங்களிலிருந்து எடுத்து எக்ஸ்ரே பார்த்தார்கள். 18 குவியல்களில் துணுக்குகள் இருந்தன.

பிணந்தின்னிப் பறவைகளின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது. எலும்பையே கரைக்கும் அந்த அமிலம் ஈயத்தையும் கரைத்து இரத்தத்தில் சேர்த்துவிடுகிறது. நரம்பு தளர்ந்து, இரை செரிக்காமல், பறக்க மாட்டாமல் பறவை சாகிறது. கலிபோர்னியாவின் காண்டார் கழுகு இதற்குப் பலியான இனங்களில் முதன்மையானது. 1982-இல் உலகில் மிஞ்சியவை 22 மட்டுமே. 1987-இல் கடைசிக் காட்டுப் பறவையையும் பிடித்துக் கூண்டில் வைத்துத்தான் இனத்தைப் பெருக்கினார்கள். மீண்டும் காட்டில் விட்ட பறவைகளையும் ஈயம் தொடர்ந்து கொன்றது. 2013-இல் அந்த மாநிலம் சட்டம் இயற்றி, 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது என்றாக்கியது. கொயோட்டியும் அதில் அடக்கம். 2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு 38 அமெரிக்க மாநிலங்களின் 1,210 கழுகுகளைச் சோதித்து, ஏறத்தாழப் பாதிக்கு நெடுநாள் ஈய நஞ்சேற்றம் இருந்ததாகச் சொன்னது. டென்மார்க் சிதறு குண்டில் ஈயத்தை 1996-இலேயே விலக்கிவிட்டது. 2024 ஏப்ரல் முதல் ரைபிள் குண்டிலும் விலக்கியிருக்கிறது.

கொயோட்டிக்கு இந்த விதி கூடுதலாகப் பொருந்தக் காரணம் உண்டு. மானைச் சுட்டவன் இறைச்சியை எடுத்துப் போவான். கொயோட்டியைச் சுட்டவன் தோலை உரித்துக்கொண்டோ, அதுவும் இல்லாமலோ, உடலை முழுதாக அங்கேயே விட்டுப் போவதே வழக்கம். ஆகக் குண்டில் இருந்த ஈயம் அத்தனையும் காட்டுக்கே மிச்சம்.

கடையில் கிடைக்கும் ஈயமில்லாக் குண்டுகள் இரண்டு குணத்தவை. ஒன்று, முழுச் செம்பைக் கடைந்து மூக்கில் குழி வைத்தது. பட்டதும் பூவிதழ்போல் நான்காகவோ ஆறாகவோ விரியும், உடையாது, பெரும்பாலும் மறுபக்கம் துளைத்து வெளியேறும். பார்ன்ஸ் நிறுவனம் 1989-இல் கொண்டுவந்த எக்ஸ் குண்டு இவ்வகைக்கு வழி திறந்தது. மற்றொன்று, மெல்லிய செம்புறைக்குள் உலோகப் பொடியை அழுத்தியது. உள்ளே நுழைந்ததும் பொடியாக உதிர்ந்துவிடும். பார்ன்ஸின் 36 கிரெய்ன் ‘வார்மின்ட் கிரெனேட்’ குண்டின் உள்ளகம் செம்பும் வெள்ளீயமும். ஹார்னடியின் 35 கிரெய்ன் என்டிஎக்ஸ், நோஸ்லரின் ஈயமில்லா ‘பாலிஸ்டிக் டிப்’ ஆகியவையும் இந்தக் கூட்டமே. ஒரு கிரெய்ன் 0.0648 கிராம், 36 கிரெய்ன் என்றால் இரண்டேகால் கிராமுக்குச் சற்று மேல்.

பத்துப் பதினைந்து கிலோ எடையுள்ள கொயோட்டிக்கு, .223 ரெமிங்டன் போன்ற சிறு தோட்டாவுக்கான ரைபிளில் எதைப் போடுவது? தோல் வேண்டுவோர் பொடிக் குண்டை விரும்புவார்கள். சிறு துளையோடு உள்ளே போய் மறுபக்கம் தோலைக் கிழிக்காமல் முடிந்துவிடும். ஆனால் அது இலேசானது. தூரம் கூடக் கூட வேகம் சடசடவென்று குறையும், காற்றும் தள்ளும். தோளெலும்பில் பட்டால் மேலேயே உதிர்ந்து விலங்கைப் புண்ணோடு ஓடவிடும் அபாயமும் உண்டு. தூரத்துக்கும் உறுதிக்கும் 50 முதல் 55 கிரெய்ன் முழுச் செம்புக் குண்டு மேல். அதற்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது: வேகம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் மூக்கு விரியாது, ஊசிபோலத் துளைத்துப் போய்விடும். பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் அதைச் சுடவே கூடாது.

பலர் கவனிக்காமல் விடுவது குழலின் உள்ளே சுருளாக வெட்டிய புரியை. செம்பு இலேசாகையால், ஒரே எடையில் செம்புக் குண்டு ஈயக் குண்டைவிட நீளமாக இருக்கும். நீளமான குண்டு நேராகப் பறக்க வேகமான சுழற்சி வேண்டும். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று புரி வெட்டிய பழைய குழலில் அது தடுமாறும். 9 அல்லது 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் நிலைகொள்ளும். இலேசான பொடிக் குண்டுகள் பழைய குழலிலும் நன்றாகவே பறக்கும். எந்தக் குண்டானாலும் தன் துப்பாக்கியில் தாளில் சுட்டுப் பார்த்தபின்தான் உயிரின் மேல் குறி வைக்க வேண்டும்.

திருவண்ணாமலைக்கு நரி அந்நியமில்லை. நரியைப் பரியாக்கிய கதையின் நாயகர் மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இவ்வூரில் என்பது மரபு. கிரிவலப் பாதையில் அடிஅண்ணாமலையில் அவருக்குக் கோயில் உண்டு. அதே பாதையில் பௌர்ணமி நாளில் பாசிமணி விற்கும் நரிக்குறவர்கள் தொழிலைப் பெயரிலேயே சுமந்தவர்கள். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூல் தொகுதியில், இவர்கள் நரியைப் போலவே ஊளையிட்டு, நம்பி வரும் நரியை வலையில் பிடிக்கும் முறையை விவரித்திருக்கிறார். அமெரிக்க வேட்டைக்காரர் ஊதுகுழலும் ஒலிப்பெருக்கியும் வைத்துக் கொயோட்டியை வரவழைப்பதை, இவர்கள் தொண்டையால் செய்தார்கள். அந்தக் கலையில் ஈயம் ஒரு துளியும் இல்லை. வாக்ரிபோலி பேசும் இம்மக்கள் 2023 தொடக்கத்தில் தமிழகப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள்.

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அட்டவணையில் நரி முதல் பட்டியலில் இருக்கிறது. கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். ஆனாலும் ஜவ்வாது மலைப் பக்கம் உரிமமில்லா நாட்டுத் துப்பாக்கிகள் பிடிபடும் செய்தி ஓய்வதில்லை. முன்வாயில் மருந்து கிட்டித்து, மேலே ஈயக் குண்டோ பால்ரஸ் குண்டோ போட்டுச் சுடுவது அது. பால்ரஸ் எஃகு, தற்செயலாக ஈயமில்லாதது. இதனால் அந்த வேட்டை சரியென்று ஆகிவிடாது. அடிபட்டுப் புதருக்குள் போய்ச் செத்த பன்றிக்குள் ஈயம் இருந்தால், அதை முதலில் கண்டுபிடிப்பது நரியின் மூக்குத்தான். பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் என்ற வெடிப்பொறியும் நரியின் வாயைக் கிழிக்கிறது.

செத்த உடலின் வழியாக நஞ்சு ஏறுவது நாம் ஏற்கெனவே கண்ட பாடம். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து பிணத்தின் மூலம் பாறு கழுகுகளை அழித்தது. 2006-இல் கால்நடைக்கு அது தடைசெய்யப்பட்டது. ஈயத்தைப் பற்றி அந்த அளவு கவனம் இங்கே வரவில்லை என்பதே என் குறை.

கவனம் வர வேண்டிய நேரமும் வந்துவிட்டது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைக் காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது; 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். சுடுபவர் அரசு ஊழியர், துப்பாக்கியும் அரசுடையது. எந்தக் குண்டு என்பதை ஒரே ஆணையில் தீர்மானிக்க முடியும். பன்றிக்கு முழுச் செம்புக் குண்டு போதிய வலிமையுடையது. அது கிடைக்கும்வரை, சுட்ட உடலை அன்றே ஆழக் குழிதோண்டிப் புதைத்து மேலே கல் அடுக்க வேண்டும். மேலோட்டமாக மூடினால் இரவில் நரி தோண்டி எடுத்துவிடும்.