பரம்பரைக் கைத்துப்பாக்கி: இனங்காணலும் மதிப்பிடலும்

பரம்பரைக் கைத்துப்பாக்கி என்பது தாத்தா, பெரியப்பா, மாமா போன்ற உறவினர் வழியாக ஒரு குடும்பத்துக்கு வந்துசேரும் பழைய கைத்துப்பாக்கி ஆகும். தண்டையார்பேட்டை, இராயபுரம், திருவொற்றியூர் ஆகிய வடசென்னைப் பகுதிகள் துறைமுகத்தோடும் இரயில்வேயோடும் வளர்ந்தவை. கப்பலிலும் காவல்துறையிலும் பட்டாளத்திலும் பணியாற்றியவர்கள் வாழ்ந்த பழைய வீடுகளில் இத்தகைய பொருள் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடைக்கக்கூடும். அது வரலாற்றுச் சான்றாகவும் இருக்கலாம். வைத்திருப்பவரைச் சிறைக்கு அனுப்பும் பொருளாகவும் ஆகலாம்.

பாதுகாப்பும் சட்டமும்

குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகளில் நூறாண்டுக்கு முன் இட்ட மருந்து இன்னும் இருக்கக்கூடும். எனவே குதிரையை இழுத்துப் பார்ப்பதும் குழலுக்குள் கம்பியை விட்டுக் குத்துவதும் ஆபத்தானவை.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட இயலாத, வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புடைய ஆயுதத்துக்கு 45ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆகவே 'பழையது' என்பது மட்டும் போதாது. 'சுட இயலாதது' என்பதும் உறுதியாக வேண்டும். இதைக் குடும்பத்தார் தாமே முடிவு செய்தல் கூடாது. உரிமம் பெற்றவர் இறந்தால், வாரிசு அந்தத் துப்பாக்கியைக் காலதாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டுத் தம் பெயருக்கு உரிமம் கேட்கலாம். சென்னை மாநகரில் உரிமம் வழங்கும் அதிகாரி மாநகரக் காவல் ஆணையர் ஆவார்.

காலத்தை அறிதல்

துப்பாக்கியின் வயதை முதலில் சொல்வது அதன் வெடிக்கும் முறையே. சிக்கிமுக்கிக் கல் உரசித் தீப்பொறி எழுப்பும் வகை பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை வழங்கியது. பிறகு சிறு செப்புத் தொப்பியைத் தட்டி வெடிக்கச் செய்யும் முறை வந்தது. சிறுவர்களின் கேப் துப்பாக்கியை நினைத்தால் இது எளிதில் விளங்கும். சாமுவேல் கோல்ட் சுழல் துப்பாக்கிக்கு 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். உலோகத் தோட்டா பரவியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

முத்திரைகள்

கிழக்கிந்தியக் கம்பெனியின் முற்காலத் துப்பாக்கிகளில் இதய வடிவ வணிக முத்திரையும், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பின்னங்காலில் நிற்கும் சிங்கமும் காணப்படும். திப்பு சுல்தானின் ஆயுதங்களில் புலி உருவமும் புலிவரிகளும் இடம்பெறும். பர்மிங்காமில் துப்பாக்கிகளைச் சோதிக்கும் நிலையம் 1813இல் சட்டப்படி அமைந்தது. அதன் முத்திரை இருந்தால் துப்பாக்கி அதற்கு முன் சோதிக்கப்பட்டதாக இருக்க முடியாது.

பொறித்துள்ள பெயர் செய்தவருடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. சென்னை பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற கடைகளின் பெயர் விற்றவரைக் குறிக்கலாம். ஆங்கில எழுத்துகள் தலைகீழாகவோ பிழையாகவோ இருந்தால் அது போலியாக இருக்கக்கூடும்.

கதையும் சான்றும்

குடும்பக் கதையைக் காலத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். 'எம்டன் கப்பல்காரன் விட்டுப்போனது' என்று ஒரு துப்பாக்கியைப் பற்றிச் சொல்லப்படுவதாகக் கொள்வோம். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கடலிலிருந்தபடியே சென்னையைச் சுட்டுவிட்டு விலகியது; அதன் மாலுமிகள் கரையிறங்கவில்லை. ஆகவே அந்தக் கதை நிற்காது.

மாறாக, எண் பொய் சொல்லாது. 1928இல் லாகூரில் சாண்டர்ஸ் கொல்லப்பட்ட நிகழ்வில் பகத்சிங் பயன்படுத்திய .32 கோல்ட் துப்பாக்கி, இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் அருங்காட்சியகத்தில் பல ஆண்டுகள் அடையாளம் தெரியாமல் இருந்தது. மேலே பூசிய கறுப்பு வண்ணத்தை நீக்கியபோது தெரிந்த வரிசை எண் வழக்கு ஆவணங்களோடு ஒத்துப்போனது. அது 2017இல் பஞ்சாபின் ஹுசைனிவாலாவுக்குக் கொண்டு செல்லப்பட்டது.

மதிப்பு

மதிப்பைத் தீர்மானிப்பவை செய்தவர், அரிய தன்மை, பாகங்கள் மாறாமை, கைமாறிய வரலாறு ஆகியவை. 2019இல் பிரித்தானியாவில் ஒரு குடும்பத்தின் வீட்டுப் பரணில் கிடைத்த திப்புவின் வெள்ளி வேலைப்பாடுடைய துப்பாக்கி 60,000 பவுண்டுக்கு ஏலம் போனது. கம்பெனிப் படையின் மேஜர் தாமஸ் ஹார்ட் கொண்டுசென்றது என்ற வரலாறு அதனோடு இருந்தது. எல்லாப் பழைய துப்பாக்கிக்கும் அப்படி விலை கிடைக்காது. புளி, எலுமிச்சை, உப்புத்தாள் கொண்டு பளபளப்பாக்கினால் முத்திரைகள் தேய்ந்து, இருக்கும் மதிப்பும் குறையும். பழைய உரிமப் புத்தகம், பணி ஆணை, ஒளிப்படம் ஆகியவற்றைத் துப்பாக்கியைப் போலவே காக்க வேண்டும்.

நூறாண்டு கடந்த கலைப்பொருள்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க விரும்பும் மாணவர்கள் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும் உள்ள ஆயுதத் தொகுப்புகளைக் காணலாம்.