ஏப்ரலில் ஒரு லாங்கே பயணம்: கோப்பைக்குப் பின்னால் ஒரு சரித்திரம்

வரும் ஏப்ரலில் எங்கள் பேட்ச் நண்பர்கள் ஏழு பேர் வட இத்தாலிக்குப் போவதாக ஏற்பாடு. இடம், பீட்மாண்ட் மாநிலத்தில் உள்ள லாங்கே என்ற குன்றுப் பகுதி. காரியம், ஒயின் ருசி பார்ப்பது! இதைப் படித்ததும் ஜூனியர்கள் விசிலடிப்பார்கள், நம் பேராசிரியர்கள் முகம் சுளிப்பார்கள் என்பது தெரிந்ததுதான். ஏழு பேரில் இருவர் குடிக்கும் பழக்கமே இல்லாதவர்கள். "எங்களுக்கு அங்கே என்னப்பா வேலை?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. திட்டம் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்திருப்பதால் பதில் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் ஒயினை விட அந்த மண்ணின் கதை பெரிதாக இருந்தது. அதில் ஒரு பகுதி நமக்கு ரொம்பவும் பழக்கமான, வேதனையான கதை.

முதலில் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. லாங்கேயின் தலைநகர் மாதிரி இருப்பது தனாரோ ஆற்றங்கரையில் உள்ள ஆல்பா நகரம். அதைச் சுற்றிப் பரோலோ, பார்பரெஸ்கோ என்று சின்னச் சின்ன ஊர்கள். ஊர்ப் பெயரேதான் ஒயினின் பெயரும். முக்கியமான திராட்சை நெபியோலோ. 'நெபியா' என்றால் இத்தாலிய மொழியில் பனிமூட்டம். அதிலிருந்து வந்த பெயர் என்பார்கள். நம் கம்பம் பள்ளத்தாக்கு மாதிரி பந்தல் கிடையாது; சரிவில் வரிசை வரிசையாகக் கம்பி கட்டிக் கொடியை ஏற்றுகிறார்கள். தெற்கு பார்த்த சரிவுக்குத்தான் மவுசு. பனி முதலில் எங்கே உருகுகிறதோ அங்கே நெபியோலோவை நடு என்பது அந்த ஊர்ப் பெரியவர்களின் கணக்கு.

சுற்றுலாக்காரர்கள் பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில் வருகிறார்கள். அறுவடையும் ஒரு காரணம், ஆல்பாவின் வெள்ளை டிரஃபிள் காளான் சந்தையும் ஒரு காரணம். கூட்டம், விலை இரண்டும் அப்போது உச்சம். ஏப்ரலில் கவாத்து முடிந்து கொடியில் மொட்டு வெடிக்கும். நிலவறை வைத்திருப்பவருக்கும் நம்மோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். இன்னொரு சௌகரியம்: பரோலோவைக் குறைந்தது 38 மாதம் பக்குவப்படுத்த வேண்டும், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில் என்பது சட்டம். 2022-ல் பறித்த பழம் 2026 ஜனவரியில்தான் கடைக்கு வர முடியும். ஆகவே வசந்தத்தில் போனால் புதுசாக வெளிவந்த வருஷத்தை ருசிக்கலாம்.

இனி சரித்திரம். 1832-ல் கிரின்சானே என்ற ஊருக்கு மேயராக இருபத்திரண்டு வயதுகூட முழுசாக நிரம்பாத ஒரு பிரபு வீட்டுப் பையன் வந்தான். 17 வருஷம் அந்தப் பதவியில் இருந்து தோட்டத்தையும் நிலவறையையும் சீர்திருத்தினான். அவன்தான் 1861-ல் ஒன்றுபட்ட இத்தாலியின் முதல் பிரதமரான காவூர்! அதே காலத்தில் பரோலோவில் பிரெஞ்சுக்காரப் பெண்மணி ஜூலியா கோல்பெர்ட் ஃபாலெட்டி. நெபியோலோ தாமதமாகப் பழுக்கும். பறித்துப் பிழிவதற்குள் குளிர் வந்து ஈஸ்ட் தூங்கிவிடும்; சர்க்கரை மிச்சமாகி ஒயின் இனிக்கும். அதை முழுக்கப் புளிக்கவைத்து இன்றைய பரோலோ ஆக்கியவர் ஊதார் என்ற பிரெஞ்சு வியாபாரி என்று பழைய கதை. இல்லை, ஸ்டாலியேனோ என்ற உள்ளூர் ஜெனரல்தான் என்று பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள். பட்டிமன்றம் தொடரட்டும். பிரபுக்கள் ஒயினை ராஜா மேஜைக்கு அனுப்பினார்கள். பழத்தைச் சுமந்தவன் கதி என்ன என்பதுதான் எனக்கு முக்கியமாகப்பட்டது.

அவன் ஆல்பா சந்தையில் தரகரிடம் கையேந்தி நின்றான். பறித்த பழம் இரண்டு நாள் தாங்காது, தரகர் சொன்னதே விலை. நம் ஊர்த் தக்காளிக்காரர் படும் பாடுதான். இதற்கு மாற்றுக் கண்டவர் ஆல்பா ஒயின் கல்லூரியின் தலைவர் தொமிசியோ காவாசா. ஒரு கல்லூரி வாத்தியார் என்பதை நம் மாணவர்கள் கவனிக்க! 1894-ல் பார்பரெஸ்கோ விவசாயிகள் ஒன்பது பேரைச் சேர்த்துக் கூட்டுறவு ஆரம்பித்தார். 1920-களில் பாசிச ஆட்சியில் அது மூடப்பட்டது. 1958-ல் ஊர்ப் பாதிரியார் ஒருவர் பத்தொன்பது விவசாயிகளைக் கூட்டி மறுபடி தொடங்கினார். முதல் மூன்று வருஷ ஒயினும் தேவாலயத்தின் அடித்தளத்தில் தயாரானது. இன்று அதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள். தரத்தில் பெரிய பிரபுக்களோடு போட்டி போடுகிறது. எங்கள் பட்டியலில் முதல் நிறுத்தம் அதுதான்.

பாதிரியாருக்கு ஏன் அந்த அவசரம்? மலையில் ஆள் நிற்கவில்லை. ஆல்பாவில் பிறந்த எழுத்தாளர் பெப்பே ஃபெனோலியோ 1954-ல் எழுதிய 'லா மலோரா' குறுநாவல் லாங்கேயின் குத்தகைக் குடும்பங்களின் வறுமையைச் சொல்வது. நூத்தோ ரெவெல்லி என்பவர் கிராமம் கிராமமாகப் போய் விவசாயிகளின் வாய்மொழியைப் பதிவு செய்து 1977-ல் வெளியிட்டார். புத்தகத்தின் பெயரே 'தோற்றவர்களின் உலகம்' என்று பொருள்படும். இளைஞர்கள் டுரின் நகரத்துக் கார் தொழிற்சாலைகளுக்கு ஓடினார்கள். ஓரளவு பிடித்து நிறுத்தியது 1946-ல் ஆல்பாவில் தொடங்கிய ஃபெரேரோ மிட்டாய்க் கம்பெனி. மலைக் கிராமங்களுக்கே பஸ் அனுப்பி ஆள் கூட்டி வந்தது; பகலில் சாக்லேட், மாலையில் தோட்டம். நம் வீட்டுக் குழந்தைகள் ரொட்டியில் தடவும் நுடெல்லா அங்கே பிறந்ததுதான்.

இப்போது அந்த வேதனையான பகுதிக்கு வருகிறேன். அதுவும் ஒரு வசந்த காலம். 1986 மார்ச்சில் மிலான் பக்கத்தில் ஆட்கள் திடீர் திடீரென்று இறந்தார்கள். எல்லோரும் மலிவு விலை ஒயின் குடித்தவர்கள். பாட்டிலில் பார்பேரா என்ற சாதாரணத் திராட்சையின் பெயர். மொத்தம் 23 பேர் செத்தார்கள், பலருக்குக் கண் போயிற்று. விசாரித்துக்கொண்டே போனால், பரோலோவுக்குப் பக்கத்திலேயே நார்சோலே என்ற ஊரில் ஒரு ஒயின் மொத்த வியாபாரக் கம்பெனி. கலந்தது மெத்தனால்.

ஏன் கலந்தார்கள்? அன்று மொத்த ஒயினுக்கு விலை, ஆல்கஹால் டிகிரியை வைத்து. தண்ணியாக இருக்கும் ஒயினின் டிகிரியை ஏற்றினால் லாபம். 1984-ல் மெத்தனால் மீதான வரியை அரசு எடுத்துவிட, அது சர்க்கரையை விட மலிவாகிவிட்டது. அடர்த்தியை வைத்து டிகிரி பார்க்கும் கருவிக்கு எத்தனாலும் மெத்தனாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மனிதக் கல்லீரலுக்கு அப்படி இல்லை. அது மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அமிலம் பார்வை நரம்பைத் தாக்குகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்ததும் இதே மெத்தனால்தான். இரண்டு இடத்திலும் செத்தது மலிவுச் சரக்கு வாங்கியவர்கள். ஒன்று பாக்கெட், ஒன்று பாட்டில், அவ்வளவுதான் வித்தியாசம்.

பரோலோவில் யாரும் மெத்தனால் கலக்கவில்லை. ஆனாலும் ஜெர்மனியும் பிரான்சும் எல்லையில் இத்தாலிய ஒயினை நிறுத்தின, ஏற்றுமதி சரிந்தது. குற்றவாளிகளுக்குச் சிறை கிடைத்தது. சோதனைகள் கடுமையாயின, 1992-ல் ஒயின் சட்டமே திருத்தி எழுதப்பட்டது. விவசாயிகள் பலர் மொத்த வியாபாரிக்கு விற்பதைக் குறைத்துத் தாங்களே பாட்டிலில் அடைத்துத் தங்கள் பெயரைப் போட ஆரம்பித்தார்கள். பெயர் போட்டவன் கலக்க யோசிப்பான் அல்லவா! உயர்தர இத்தாலிய ஒயினின் கழுத்தில் எண்ணிட்ட அரசு முத்திரைத் தாளைப் பார்க்கலாம். பரோலோவுக்கு அது 1980-லேயே விதிக்கப்பட்டது. அதன் அருமை ஜனங்களுக்குப் புரிந்தது 1986-க்குப் பிறகுதான் என்பது என் அபிப்பிராயம்.

தலைமுறைச் சண்டையும் நடந்தது. எலியோ அல்தாரே என்ற இளைஞர் 1983-ல் ரம்பத்தை எடுத்து அப்பாவின் பழைய பெரிய பீப்பாய்களை அறுத்துத் தள்ளினார். அப்பா சொத்தில் பங்கில்லை என்று எழுதிவிட்டார். அல்தாரேயும் கூட்டாளிகளும் பிரெஞ்சு பாணிச் சின்னப் பீப்பாய்க்கு மாறினார்கள். எதிரணியில் பார்தோலோ மஸ்காரெல்லோ என்ற பெரியவர், 'சின்னப் பீப்பாயும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்' என்ற பொருளில் லேபிளே வரைந்து ஒட்டினார். அப்பாவா, மகனா என்று கேட்டால் என் ஓட்டு மஸ்காரெல்லோவுக்கு. 2014-ல் இந்தத் தோட்டங்களையெல்லாம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

எங்கள் திட்டம் ஐந்து நாள். பார்பரெஸ்கோ கூட்டுறவு, கிரின்சானேயில் காவூரின் கோட்டை, பரோலோ கோட்டைக்குள் 2010-ல் திறந்த ஒயின் மியூசியம், ஆல்பாவில் ஃபெனோலியோ ஆய்வு மையம், கடைசியாக நார்சோலே வழியாக டுரின். நாளுக்கு இரண்டு நிலவறைக்கு மேல் வேண்டாம். எல்லாம் குடும்ப நிறுவனங்கள், முன்கூட்டியே எழுதிக் கேட்டுத்தான் போக வேண்டும். ஈஸ்டர், ஏப்ரல் 25 விடுதலை நாள், மே 1 ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது. வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்ப வாளி வைத்திருப்பார்கள், துப்புவது அங்கே மரியாதைக் குறைவு கிடையாது. வண்டி ஓட்டுபவர் ரத்தத்தில் லிட்டருக்கு அரை கிராம் ஆல்கஹால்தான் உச்சவரம்பு. நம் லைசென்சோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். ஆக, "எங்களுக்கு என்ன வேலை" என்று கேட்ட இருவருக்கும் ஸ்டியரிங் ஒதுக்கியாகிவிட்டது. விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். எடுக்கப்போவது ஒன்பது பேர் வண்டி, இரண்டு இடம் காலி. கூட்டம் முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடியுங்கள். குடிக்காத சீனியர்களுக்கு முன்னுரிமை உண்டு.