துப்பாக்கிக் குழலின் கசடு

1857 ஆம் ஆண்டு இந்தியக் கிளர்ச்சியைப் படிக்கும் மாணவன், பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவிய தோட்டாக்களைப் பற்றித் தவறாமல் கேள்விப்படுகிறான். அத்தோட்டாவிற்குக் கொழுப்பு எதற்கு என்று அவன் வினவினால், பெரும்பாலான பாடநூல்களில் விடையில்லை. சமயமும் சாதியும் அரசியலும் அங்கே விரிவாகப் பேசப்படுகின்றன. இரும்புக் குழலுக்குள் படிந்த கரி மட்டும் மறந்துபோகிறது. ஆயின், அக்கரியில்தான் கதை தொடங்குகிறது.

பழைய வெடிமருந்து, வெடியுப்பு 75 பங்கும் கரித்தூள் 15 பங்கும் கந்தகம் 10 பங்குமாகச் சேர்ந்த கலவை. அது எரியும்போது முழுவதும் ஆவியாவதில்லை. எடையில் பாதிக்கு மேற்பட்ட பகுதி திடப்பொருளாகவே நிற்கிறது. அதிற் சிறிது புகையாய் வெளியேற, எஞ்சியது குழலின் உட்சுவரிற் கசடாய்ப் படிந்து இறுகும். உட்புறம் வழவழப்பாயிருந்த பழைய துப்பாக்கிகளில் இது பெருந்தொல்லையன்று. குண்டு குழலைவிடச் சிறியதாதலால், கசடு படிந்த பின்னும் எளிதாய் உள்ளிறங்கிற்று. அவ்வாறு தளர்ந்து கிடந்த குண்டு, சுடும்போது எப்பக்கம் விலகும் என்று சுடுபவனுக்கே தெரியாது.

குழலின் உட்சுவரிற் சுருள் சுருளாய்ப் பள்ளம் வெட்டி, குண்டைச் சுழலச் செய்தால் அது நேராய்ச் செல்லும் என்பதைச் செர்மானிய வேட்டைக்காரர்கள் முன்னரே அறிந்திருந்தனர். இத்தகைய துப்பாக்கியே ரைபிள். ஆங்கிலப் பெயர் அப்பள்ளம் வெட்டும் தொழிலிலிருந்து வந்தது. தமிழிலோ இரண்டையும் துப்பாக்கி என்றே வழங்குவதால், வரலாறு படிப்போர்க்கு வேறுபாடு புலப்படாமற் போகிறது. சுழல வேண்டுமாயின் குண்டு பள்ளங்களைக் கவ்வ வேண்டும். கவ்வ வேண்டுமாயின் இறுக்கமாய்ப் பொருந்த வேண்டும். இறுக்கமான குண்டைக் கசடு படிந்த குழலின் வாய்வழியே இறக்குவது எளிதா? 1800 இல் ஆங்கிலப் படை ஏற்ற பேக்கர் ரைபிளுடன், குண்டை அடித்து இறக்கத் தொடக்கத்தில் மரச்சுத்தியலும் கொடுத்தனர் என்பதே போதிய சான்று.

பிரெஞ்சுப் படையின் மினியே 1849 இல் கண்ட வழி வேறு. குண்டு குழலைவிடச் சிறியது. அதன் அடிப்பகுதி குடைவானது. மருந்து வெடித்ததும் அடிப்பகுதி விரிந்து பள்ளங்களைக் கவ்வும். இம்முறையில் அமைந்ததே 1853 ஆம் ஆண்டின் என்பீல்டு ரைபிள். அதன் குழல் விட்டம் 0.577 அங்குலம். மருந்தும் குண்டும் ஒரே காகிதச் சுருளில் இருந்தன. குண்டிருந்த முனையைக் கொழுப்பும் தேன்மெழுகும் உருக்கிய கலவையில் தோய்த்தனர். அக்கொழுப்பு குண்டை வழுக்கி இறங்கச் செய்வதோடு, முன்பு சுட்டதனால் படிந்த கசட்டையும் இளக்கி வைத்தது. அது இல்லையேல், சில சுடுகைகளுக்குப் பின் புதிய ரைபிளும் பழைய துப்பாக்கியின் நிலையை எய்திவிடும்.

1857 சனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்களத்தில், தொழிலாளி ஒருவன் பிராமணச் சிப்பாயிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டான் என்றும், சிப்பாய் மறுக்க, “நீர் பல்லாற் கடிக்கப்போகும் தோட்டாவில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் உள்ளனவே, உம் சாதி என்னாகும்?” என்னும் பொருள்பட அவன் ஏளனம் செய்தான் என்றும் பதிவுகள் கூறுகின்றன. கொழுப்பு எந்த விலங்கினது என்பதை எவரும் வரையறுத்திருக்கவில்லை. ஆகவே சிப்பாய்களின் ஐயத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடல் நேர்மையன்று. அம்மாத இறுதிக்குள்ளாகவே, சிப்பாய்கள் தாமே வாங்கிய பொருளைத் தடவிக்கொள்ளலாம் என அதிகாரிகள் இசைந்தனர். மார்ச்சில் பல்லாற் கடிப்பதற்குப் பதிலாகக் கையாற் கிழிக்கலாம் எனப் பயிற்சி முறையையும் மாற்றினர். மாற்றமே ஐயத்தை உறுதிப்படுத்திற்று. பளபளப்பான காகிதத்திலும் கொழுப்பு உண்டென்ற பேச்சுப் பரவிற்று. ஏப்ரல் 24 இல் மீரத்தில் 85 குதிரைவீரர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அவர்களிடம் நீட்டப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்களே! மே 9 இல் அவர்களுக்கு விலங்கு பூட்டினர். மறுநாள் கிளர்ச்சி வெடித்தது. ஆட்சியின்மேல் சிப்பாய்களுக்கிருந்த மனக்குறைகள் பல. கொழுப்பு மட்டுமே காரணமென்பது பொருந்தாது. ஆயினும் மூட்டிய தீக்குச்சி அதுவே.

அதே 1857 இல் இங்கிலாந்தின் ஹைத் என்னுமிடத்தில் விட்வொர்த் என்பாரின் அறுகோணக் குழல் ரைபிள், குறி தவறாமையில் என்பீல்டை எளிதில் வென்றது. படை அதனை ஏற்கவில்லை. விலை மிகுதி என்பதோடு, விரைவில் கசடேறியதும் ஒரு காரணம்.

1880-களில் பிரான்சில் வியேல் என்பார் புகையற்ற வெடிமருந்தைக் கண்டார். 1886 இல் லெபல் ரைபிள் வந்தது. கசடு ஒழிந்தது என்றே பலரும் எண்ணினர். ஆனால் குண்டின் வேகம் மிகுந்ததால் வெறும் ஈயம் தாங்காதாயிற்று. செம்பும் நிக்கலும் கலந்த உறை போர்த்தினர். அவ்வுறை குழலுக்குள், குறிப்பாக வாயருகில், கட்டி கட்டியாய் ஒட்டிக்கொண்டது. எண்ணெய்த் துணிக்கும் தூரிகைக்கும் அது அசையாது. குறிபார்ப்போர் குழலின் ஒரு முனையை அடைத்து, கடுமையான அம்மோனியாக் கரைசலை ஊற்றி வைத்தனர். உலோகம் கரையக் கரைய நீர் நீலமாகும். சற்றே கவனம் பிசகி, கரைசல் குழலுக்குள் உலர்ந்துவிட்டால், கசட்டோடு குழலும் அரிக்கப்படும். 1920-களில் செம்போடு துத்தநாகம் கலந்த உறை பரவிய பின்னரே இத்தொல்லை தணிந்தது.

இவை தவிர, எவர்க்கும் விளங்காத புதிர் ஒன்றும் இருந்தது. சுட்டபின் எண்ணெய் தடவித் துடைத்து வைத்த குழலும் சின்னாளில் துருப்பிடித்தது. பழி புகையற்ற மருந்தின்மேல் விழுந்தது. 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சுரங்கத் துறையைச் சேர்ந்த ஹப் என்பார் உண்மையை வெளிப்படுத்தினார். குற்றவாளி, தோட்டாவின் அடியிலிருந்து நெருப்பு மூட்டும் சிறு மருந்தில் இருந்த பொட்டாசியம் குளோரேட்டு. அது வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடாகக் குழலிற் படிகிறது. இது சமையல் உப்புக்கு உறவினன். எண்ணெயிற் கரையாது, காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். வறண்ட காற்றில் வாளாவிருக்கும். மலாயாவைப் போன்ற ஈரநாட்டில் விரைந்து வேலை செய்யும்.

பழைய கரிமருந்துக் காலத்தில் எல்லாரும் குழலை நீரூற்றிக் கழுவினர். நீரோடு உப்பும் போயிற்று. புதிய மருந்து தூய்மையானதென்று நம்பி நீரைக் கைவிட்ட பின்னரே துரு வந்தது. ஆங்கிலப் படையினர் லீ-என்பீல்டின் குழலில் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றினர். கொதிநீர் உப்பைக் கரைப்பதோடு, குழலைச் சூடேற்றித் தானே உலரவும் செய்யும். அதன்பின் கயிற்றில் கோத்த பிளானல் துணியை இழுத்து, எண்ணெய் பூசுவர். கயிறு, எண்ணெய்க்குப்பி ஆகிய இரண்டும் துப்பாக்கியின் கட்டைக்குள்ளேயே இருந்தன. அக்கயிற்றைக் கோணலாய் இழுத்தால் குழலின் வாய் தேய்ந்து குறி கெடும். துடைக்காமற் கெட்ட துப்பாக்கியைப் போலவே, துடைத்துக் கெட்ட துப்பாக்கியும் உண்டு.

குளோரேட்டு இல்லாத பற்றுமருந்து செர்மனியில் 1920-களின் இறுதியில் விற்பனைக்கு வந்தது. படைகள் மெல்லவே மாறின. அமெரிக்கப் படையின் ரைபிள் தோட்டாக்கள் 1950-களிலேதான் முற்றும் மாறின. அதற்கு முந்திய தோட்டாக்களைச் சுடும் ஆர்வலர், இன்றும் எண்ணெயை எடுக்குமுன் கொதிநீரையே குழலில் ஊற்றுகின்றனர்.