இடுக்கி, பாலக்காடு மலைகளின் ஆய்வு மாதிரிகள்: ஏற்றுமதிக் கட்டுப்பாடு

இடுக்கியிலிருந்து 2003இல் ஊதாத் தவளையை உலகுக்கு விவரித்தவர்கள் இந்தியரான எஸ்.டி. பிஜுவும் பெல்ஜியத்தின் பிராங்கி போசுய்ட்டும். இத்தகைய கூட்டாய்வில் எல்லை தாண்டுவது உயிரிமாதிரி மட்டுமன்று, அறிவும்தான். அதனால்தான் 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் இரண்டையும் கட்டுப்படுத்துகிறது. ஆய்வுக்காக வெளிநாட்டவர் உயிரிவளம் பெறுவதற்கும் (பிரிவு 3), ஆய்வு முடிவுகளை அவர்களுக்குக் கைமாற்றுவதற்கும் (பிரிவு 4) சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன்அனுமதி வேண்டும். பயணப்பெட்டியிலுள்ள திசுவைப் போலவே மின்னஞ்சலில் போகும் முடிவுகளும் கணக்கில் வரும்.

இது அறிவியலை முடக்கும் என்பது ஆய்வாளர் பலரின் மறுப்பு. தாமதம் குறித்த அவர்கள் கவலை நியாயமே. ஆனால் அரசு நெறிமுறைக்குட்பட்ட ஆய்விதழ் வெளியீட்டுக்கும் கருத்தரங்க உரைக்கும் சட்டம் விலக்களிக்கிறது. ஏற்பு பெற்ற கூட்டாய்வுத் திட்டங்களுக்குப் பிரிவு 5 வழிவிடுகிறது. பாலக்காட்டின் சைலண்ட் வேலியும் நெல்லியாம்பதியும் இடுக்கியின் ஏலமலையும் ஈடற்ற மரபுவளம் கொண்டவை. அவற்றைக் காக்கும் மக்களுக்குப் பலனில் பங்கு கிடைக்க இந்த அனுமதியே முதற்படி. பல்கலைக்கழகங்கள் பயணத் திட்டத்துக்கு முன்பே இதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.