இரண்டாம் பிரதி

வன்னிப் பெருநிலத்தின் வரலாற்றை ஆராயப் புகுவோர் முதலில் நாடும் நூல்களுள் ஒன்று, ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி 1895இல் எழுதி வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூலாகும். வன்னி எத்தனையோ நெருப்பையும் வெள்ளத்தையும் கண்டது. அந்நூல் அழியவில்லை. கொழும்பிலும் இலண்டனிலும் அதன் பிரதிகள் இருந்தமையே காரணம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. அச்சு நூல்கள் பலவற்றைப் பிறவிடங்களிலிருந்து மீட்டுக்கொள்ள முடிந்தது. ஒற்றைப் பிரதியாயிருந்த ஏடுகளை யார் மீட்பார்?

இவ்வுண்மையை நம் பதிவாளர்கள் முன்னரே அறிந்திருந்தனர். பிறப்பு, இறப்புப் பதிவுகளை இரு பிரதிகளாக எழுதி, ஒன்றை வேறிடத்துக்கு அனுப்புவது பழைய முறை. 2004ஆம் ஆண்டு மார்கழியில் கடற்கோள் முல்லைத்தீவுக் கரையைத் துடைத்தது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் மக்கள் ஊர் ஊராய்ப் பெயர்ந்தனர். அரிசியை விட்டாலும் விடுவர்; பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் காணி உத்தரவுப் பத்திரமும் வைத்த பையை விடார். அதனையும் இழந்தோர் மீண்டு வந்தபின் நடமாடும் சேவைகளின் முன் வரிசையில் நின்றனர். இரண்டாம் பிரதி எங்கேனும் தப்பியிருந்தவருக்குப் புதிய பத்திரம் எளிதிற் கிடைத்தது. ஏனையோர் தாம் பிறந்ததையே சாட்சி வைத்து மெய்ப்பிக்க வேண்டியவராயினர்.

இன்று இடாப்புகள் கணினிக்குள் புகுந்துவிட்டன. பல கணினிகளின் வினாவுக்கு ஓயாது விடையளிக்கும் தாய்க் கணினியைச் சேவையகம் என்கின்றோம். ஒன்று நின்றால் மற்றொன்று உடனே பணியை ஏற்குமாறு இரண்டு மூன்றை இணைத்து வைப்பர். அது நன்று. ஆயின் இணைந்திருக்கும் பிரதி வேறு, விலகியிருக்கும் பிரதி வேறு. இவ்வேறுபாட்டை நம் நாடு பெரும் விலை கொடுத்தே கற்றது.

2023 ஆகஸ்ட் 26ஆம் நாள், கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறவுகோலுக்குப் பணம் கேட்கும் தீநிரலொன்று இலங்கை அரசாங்கத்தின் கணினி முகிலிற் புகுந்தது. மூலம் பூட்டப்பட்டது, அதனோடு இணைந்திருந்த காப்புப் பிரதியும் பூட்டப்பட்டது. மே 17 முதல் அந்நாள் வரையிலான கடிதங்களுக்கு விலகிய பிரதி இல்லை. ஏறக்குறைய 5,000 அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புற்றன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் ஒன்று. பயன்பட்ட மென்பொருளோ காலங்கடந்தது. புதுப்பிக்கும் எண்ணம் இருந்தும் பணமின்மையால் தள்ளிப்போயிற்று என்றனர். குளக்கட்டின் வெடிப்பை மாரி கழிந்தபின் பார்ப்போம் என்பது போன்ற பேச்சு இது!

எஸ்தோனியா என்னும் சிறு நாடு 2017இல் லக்சம்பேர்க்குடன் உடன்படிக்கை செய்து, தன் முதன்மை இடாப்புகளின் பிரதியை அந்நாட்டு மண்ணில் வைத்தது. அயல்நாட்டுப் படையெடுப்புகளை அறிந்த நாடு அது. அதன் அச்சம் நமக்கு எளிதில் விளங்கும்.

பாடசாலை அதிபர் என்ற முறையில் என் சிந்தை சேர்விடாப்பின்மேற் செல்கின்றது. வேறு சான்று இல்லாத பிள்ளைக்கு வயதைச் சொல்லும் ஏடு அதுவே. அதனைக் கணினியிற் பதிந்துவிட்டோம் என்று மகிழ்வோர் பலர். பிரதி எங்கே என்று வினவினால் அதே மேசையின் இழுப்பறையைக் காட்டுவர். மேசை நனைந்தால் இரண்டும் நனையும். வேறிடத்திற் பிரதி வைத்தோரும் அதனைத் திறந்து பார்த்ததில்லை. தவணைக்கு ஒருமுறையேனும் அப்பிரதியை வேறொரு கணினியிலிட்டு, ஏதேனும் ஒரு பிள்ளையின் பெயரைத் தேடி எடுத்துப் பார்த்தல் வேண்டும். அரை மணி நேர வேலை அது.