ஹெர்2 புரதமும் நோய் எதிர்ப்பாற்றலும்: மார்பகப் புற்றுநோய் ஆய்வில் ஒரு வரலாற்றுத் தடம்

முன்னுரை

டிராஸ்டுசுமாப் மருந்தின் வரலாறு பெரும்பாலும் மரபணு ஆய்வின் வெற்றியாகவே எழுதப்படுகிறது. மார்பகப் புற்றுநோய் செல்லை வளரத் தூண்டும் ஹெர்2 என்ற புரதம் கண்டறியப்பட்டது. அதை முடக்கும் எதிர்ப்பொருள் உருவானது. பலர் கூடுதல் காலம் வாழ்ந்தனர். இதே வரலாற்றுக்குள் நோய் எதிர்ப்பாற்றலின் வரலாறு ஒன்றும் ஓடுகிறது. அதைத் தனியே பிரித்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

மரபணுவிலிருந்து மருந்துக்கு

1985-இல் அமெரிக்காவின் ஜெனென்டெக் நிறுவனத்தில் ஆக்சல் உல்ரிச்சின் குழு ஹெர்2 மரபணுவைப் பிரித்தெடுத்தது. லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டென்னிஸ் ஸ்லாமோன், நோயாளிகளின் கட்டித் திசுக்களில் அதைத் தேடினார். 1987-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வின்படி, 189 மார்பகக் கட்டிகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டில் அம்மரபணு இரண்டு மடங்கு முதல் இருபது மடங்குக்கு மேலும் பெருகியிருந்தது. பெருக்கம் மிகுந்தவர்களுக்கு நோய் விரைவில் திரும்பியது, ஆயுளும் குறைந்தது.

ஹெர்2 புரதத்தைப் பற்றும் 4டி5 என்ற எதிர்ப்பொருள் எலியிலிருந்து பெறப்பட்டது. அதை அப்படியே செலுத்தினால் மனித உடல் அந்நியப் பொருளென்று எதிர்க்கும். எனவே இலக்கைப் பற்றும் சிறு பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு, எஞ்சியவற்றை மனித எதிர்ப்பொருளாக மாற்றினர். 1992-இல் பால் கார்ட்டர் குழு வெளியிட்ட இந்த ஆய்விலேயே, எதிர்ப்பொருள் ஒட்டிய புற்றுநோய் செல்களை நோய் எதிர்ப்பு செல்கள் அழிப்பதும் பதிவாயிற்று. ஆனால் அது ஆய்வகத் தட்டில் கண்டது.

இவ்வாறு உருவான டிராஸ்டுசுமாப் மருந்துக்கு 1998-இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. 469 பெண்கள் பங்கேற்ற சோதனையின் முடிவுகள் 2001-இல் வெளியாயின. கீமோதெரபி மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 20.3 மாதம், டிராஸ்டுசுமாபும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 25.1 மாதம்.

நோயாளியின் உடலிலேயே இருந்த எதிர்ப்பு

ஹெர்2 வெளியிலிருந்து வந்த புரதமன்று. இயல்பான செல்களிலும் சிறிதளவு உண்டு. ஆகவே உடல் அதை எதிர்க்காது என்பதே எதிர்பார்ப்பு. 1994-இல் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் நோரா டிசிஸும் உடன் ஆய்வாளர்களும் இதற்கு மாறான சான்றை வெளியிட்டனர். மார்பகப் புற்றுநோயாளிகள் சிலரிடம் ஹெர்2-க்கு எதிரான எதிர்ப்பொருள்களும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்களும் இயற்கையாகவே காணப்பட்டன. நோயைத் தடுத்து நிறுத்த அந்த எதிர்ப்பு போதவில்லை; அதை வலுப்படுத்தத் தடுப்பூசி உதவுமா என்ற கேள்வி டிசிஸின் பிற்கால ஆய்வுகளை வழிநடத்தியது.

எலிகள் தந்த விடை

டிராஸ்டுசுமாப் உடலுக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதை 2000-இல் ரஃபேல் கிளைன்ஸ், ஜெஃப்ரி ராவெட்ச் குழு சோதித்தது. எதிர்ப்பொருளின் ஒரு முனை புற்றுநோய் செல்லைப் பற்றும். வால்பகுதியை நோய் எதிர்ப்பு செல்களின் ஏற்பிகள் பற்றும். அச்செல்களைத் தூண்டும் ஏற்பிகள் இல்லாத எலிகளுக்கு மனித மார்பகக் கட்டியைப் பொருத்தியபோது, மருந்தின் பலன் பெரிதும் குறைந்தது. அடுத்து, ஏற்பிகள் பற்ற முடியாதபடி வால்பகுதியில் மாற்றம் செய்த 4டி5 எதிர்ப்பொருளைத் தந்தனர். ஆய்வகத் தட்டில் அது வளர்ச்சியை வழக்கம்போல் தடுத்தது. எலியின் உடலில் அந்தத் திறன் மங்கியது. புரதத்தை முடக்குவதால் மட்டும் மருந்து முழுமையாக வேலை செய்வதில்லை என்பதற்கு இது வலுவான சான்று.

மனிதரில் சோதித்தபோது

எலி ஆய்வு தந்த இக்கருத்தின் அடிப்படையில், ஏற்பிகளோடு நன்கு பிணையும்படி வால்பகுதி திருத்தப்பட்ட மார்கெடுக்சிமாப் என்ற எதிர்ப்பொருள் 2020-இல் ஒப்புதல் பெற்றது. டிராஸ்டுசுமாபுடன் ஒப்பிட, நோய் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் 4.9 மாதத்திலிருந்து 5.8 மாதமாக நீண்டது. மொத்த ஆயுட்காலத்தில் ஆதாயம் தெளிவாகவில்லை. தடுப்பூசி வழியிலோ, ஹெர்2 புரதத்தின் சிறு துண்டைக் கொண்ட நெலிபெபிமுட்-எஸ் தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை, பலன் தெரியாததால் 2016-இல் நிறுத்தப்பட்டது.

முடிவுரை

எலியில் பெரிதாகத் தெரிந்த விளைவு மனிதரிடம் சிறிதாகவே வெளிப்பட்டது. ஆயத்தமாகச் செலுத்தப்படும் எதிர்ப்பொருள் வெற்றி கண்டது. உடலையே எதிர்க்கப் பழக்கும் தடுப்பூசி இன்னும் அந்த நிலையை எட்டவில்லை. தன் சொந்தப் புரதத்தைத் தாக்க உடல் காட்டும் தயக்கத்தைத் தடுப்பூசி வென்றாக வேண்டும். வெளியிலிருந்து வரும் எதிர்ப்பொருளுக்கு அந்தத் தடை இல்லை. எனவே டிராஸ்டுசுமாபின் வெற்றியை மரபணு ஆய்வுக்கு மட்டும் உரியதாக்குவதும், நோய் எதிர்ப்பாற்றலுக்கு முழுவதும் எழுதிவைப்பதும் சான்றுகளுக்குப் பொருந்தா.