பிரிண்டர் ஒன்றில் தொடங்கிய கேள்வி

அப்டேட் ஒன்று வந்தால் நாங்கள் ‘சரி’ என்று அழுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுகிறோம். உள்ளே என்ன வந்தது, யார் அனுப்பினது, வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வழி இருக்கா என்று யோசிப்பது குறைவு. ஆனால் இந்தக் கேள்விக்கு நாற்பது வருடத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது.

1980 அளவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்துக்கு ஸெரொக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரிண்டரைக் கொடுத்தது. அதில் அடிக்கடி கடதாசி சிக்கும். அங்கே வேலை செய்த ரிச்சர்ட் ஸ்டோல்மன் பழைய பிரிண்டருக்கு ஒரு வழி செய்து வைத்திருந்தார். கடதாசி சிக்கினால், அச்சுக்குக் காத்திருப்பவர்களின் திரையில் செய்தி வரும். யாராவது போய் எடுத்துவிடுவார்கள். இன்றைக்கு சேர்வர்களைக் கண்காணிக்கும் மென்பொருள்கள் செய்யிற வேலையும் அடிப்படையில் இதுதான்.

புதிய பிரிண்டருக்கு அதைச் செய்ய ஏலவில்லை. அதன் மென்பொருளின் மூலநிரல் தரப்படவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மூலநிரலை வைத்திருந்த ஒருவரிடம் ஸ்டோல்மன் நேரே போய்க் கேட்டார். யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஏற்கெனவே உறுதி கொடுத்திருந்ததால் அவர் மறுத்துவிட்டார்.

1983 செப்டெம்பரில் ஸ்டோல்மன் க்னூ திட்டத்தை அறிவித்ததற்கு இந்தக் கோபமும் ஒரு காரணம். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கேர்ணல், அடுத்த வருடமே க்னூ உரிமத்தின் கீழ் வந்தது. இன்று அதன் மூலநிரலில் பாதிக்கும் மேல் டிரைவர்கள்தான். ஒரு டிரைவரில் பிழை என்றால் யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம்.

டிரைவர் ஏன் இவ்வளவு முக்கியம்? சாதாரண செயலி ஒன்று பிழைத்தால் அது மட்டும் மூடுப்படும். டிரைவர் பெரும்பாலும் கேர்ணலுக்குள்ளேயே ஓடுகிறது. அங்கே பிழைத்தால் முழுக் கணினியும் விழும்.

2024 யூலை 19 அன்று உலகம் பார்த்தது அதைத்தான். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள், கணினிக்குள் நடப்பதைக் கண்காணிப்பதற்காக விண்டோஸ் கேர்ணலுக்குள் டிரைவராக ஓடியது. எங்கட நேரப்படி காலை 9.39க்கு அதற்கு ஒரு சிறிய தரவுக் கோப்பு அனுப்பப்பட்டது. மென்பொருள் எதிர்பார்த்தது 20 உள்ளீடுகள். கோப்பு கேட்டதோ 21. இல்லாத இருபத்தோராவதைத் தேடிப்போன டிரைவர் கணினியையே விழுத்தியது. 78 நிமிடத்தில் கோப்பு திருத்தப்பட்டாலும், மைக்ரோசொப்ட்டின் கணக்குப்படி 85 இலட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன. விமானங்கள் நின்றன, வைத்தியசாலைகள் தடுமாறின. பல கணினிகளை ஒவ்வொன்றாகக் கையாலேயே மீட்க வேண்டியிருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. புதிய பதிப்பு வேண்டாம், ஒரு பதிப்புப் பிந்தியே இருப்போம் என்று எச்சரிக்கையாக இருந்த நிறுவனங்களும் விழுந்தன. அந்தத் தெரிவு மென்பொருளின் பதிப்புக்கு மட்டும்தான்; தரவுக் கோப்புகள் கேட்காமலே வந்தன. எப்போது பெறுவது என்று வாடிக்கையாளர் தீர்மானிக்கும் வசதி அதற்குப் பிறகுதான் வந்தது.

அப்போ மூலநிரல் திறந்திருந்தால் எல்லாம் சரியா? அப்படியும் இல்லை. அதே வருடம், லினக்ஸில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்.இசட் என்ற சுருக்கும் மென்பொருளில், இரண்டு வருடத்துக்கு மேல் நம்பிக்கையைச் சம்பாதித்த ஒருவர் இரகசியக் கதவொன்றை நுழைத்திருந்தார். அதுவும் புதிய பதிப்பாகத்தான் வந்தது. சேர்வருக்குள் நுழைய அரைச் செக்கன் கூட எடுக்குதே என்று அன்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியியலாளர் சந்தேகப்பட்டார். அவரால் தோண்டிப் பார்க்க முடிந்தது. மார்ச் 29 அன்று அதை ஊரறியச் சொன்னார். பெரிய சேதம் வரமுதல் தடுக்கப்பட்டது.

அதுக்காக அப்டேட்டே வேண்டாம் என்று இருக்கவும் ஏலாது. 2017 மேயில் வனாக்ரை பரவியபோது, அதற்கான திருத்தம் இரண்டு மாதத்துக்கு முதலே வெளிவந்திருந்தது. போடாமல் விட்டவர்கள் மாட்டினார்கள்.

ஆகவே போடுவதா விடுவதா என்பதல்ல பிரச்சினை. உள்ளே வருவதைப் பார்க்க, பிந்திப் பெற, பிழைத்தால் பழையதுக்குத் திரும்ப எங்களுக்கு உரிமை இருக்கா? பிரிண்டருக்குப் பக்கத்தில் ஸ்டோல்மன் கேட்டது இதில் முதலாவதை. மற்ற இரண்டையும் எங்கட தலைமுறை கேட்க வேண்டும்.